தேனீக் கூட்டத்துக்குத் தற்காலிகப் பெட்டி: ஆறு வருடத்தில் நான் மாற்றிப் பார்த்த ஐந்து

நான் தேன் விற்கிறவன் இல்லை. வேலை சிங்கப்பூரில், கப்பல் பட்டறையில். வார இறுதியில் யாராவது ‘எங்கள் புளோக்கில் தேனீ கூடு கட்டியிருக்கிறது, மருந்தடிக்கப் போகிறார்கள்’ என்று செய்தி அனுப்பினால், அவர்கள் குடியிருப்பைப் பராமரிக்கும் நகர மன்றத்தில் பேசி அனுமதி வாங்கிய பிறகு போய்க் கூட்டைப் பெயர்த்தெடுத்து, கிராஞ்சிப் பக்கம் ஒரு நண்பர் பார்த்துக்கொள்ளும் பழத்தோட்டத்தில் கொண்டுபோய் வைப்பேன். 2019இல் தொடங்கியது. நாற்பது கூட்டமாவது என் கையால் இடம் மாறியிருக்கும். அதில் ஏழெட்டு செத்தன அல்லது ஓடிப்போயின, பெரும்பாலும் நான் பயன்படுத்திய பெட்டியால். அதனால்தான், கூட்டத்தை ஏற்றிக்கொண்டுபோய் முதல் சில வாரம் வைக்கும் வெறும் பெட்டியைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் சொல்வது எல்லாம் அடுக்குத் தேனீக்கு மட்டும். தமிழ்நாட்டில் பொந்திலும் பானையிலும் கட்டுமே, அதே இனம்தான் இங்கே தண்ணீர் மீட்டர் அலமாரியிலும் பொய்க்கூரை மேலேயும் கட்டுகிறது. மரக்கிளையிலோ பாலத்துக்கு அடியிலோ ஒரே பெரிய தேனடையாகத் திறந்தவெளியில் தொங்கினால் அது மலைத்தேனீ. அதைப் பெட்டியில் அடைக்கப் பார்க்காதீர்கள், பக்கத்திலும் போகாதீர்கள்.

முதல் பெட்டி காசு கொடுத்து வாங்கியதே இல்லை, ஈரச்சந்தையில் மீன்காரர் தூக்கிப்போடும் வெள்ளைத் தெர்மோகோல் பெட்டி. கழுவி, காயவைத்து, பக்கத்தில் ஒரு ஓட்டை போட்டு, அறுத்தெடுத்த அடைகளை இட்லி அடுக்குவதுபோல் உள்ளே அடுக்கினேன். ஒன்றன்மேல் ஒன்று சரிந்து புழுவெல்லாம் நசுங்கி, மூன்றாம் நாள் பெட்டி காலி. மார்த்தாண்டத்தில் என் தாய்மாமா ரப்பர் தோட்டத்துக்குள் பெட்டி வைத்திருப்பவர், அவருக்குப் படம் அனுப்பினேன். “மக்களே, அடைன்னா தொங்கணும். படுக்கப் போட்டா அதுல எப்பிடிக் குடியிருக்கும்?” என்று குரல் செய்தி வந்தது. மீன் வாடையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அடுத்தது மெழுகு பூசிய அட்டைப்பெட்டி. வெளிநாட்டில் தேனீ விற்பவர்கள் ஐந்து சட்டத்தோடு (அடை தொங்குவதற்கான மரச்சட்டகம்) சின்னக் கூட்டம் கொடுப்பார்கள், அதற்கென்றே செய்த பெட்டி. நண்பர் ஒருவர் ஆஸ்திரேலியாவிலிருந்து வரும்போது மடித்து இரண்டு கொண்டுவந்தார். எடையே இல்லை, பக்கத்தில் காற்றுத் துளை உண்டு, கைப்பிடி உண்டு. ஒரு பயணத்துக்கு இதைவிட வசதியானது இல்லை, ஆனால் ஒரே ஒரு பயணத்துக்குத்தான். நான் சோம்பல்பட்டு நான்கு நாள் தோட்டத்திலேயே விட்டுவிட்டேன், விடியற்காலையில் சுமத்ரா காற்று மழையோடு அடித்தது. மறுநாள் போய்த் தூக்கினால் மேல்பாதி மட்டும் கையோடு வந்தது, அடிப்பாகமும் தேனீயும் தரையில். பதினோரு கொட்டு வாங்கினேன்.

மழையில் பட்ட பாட்டில் நெளி பிளாஸ்டிக்குக்குப் போனேன். வீடு புதுப்பிக்கும்போது தரை கீறாமல் இருக்க விரிப்பார்களே, அந்தத் தகடு. வெட்டி, மடித்து, கேபிள் பட்டை போட்டு இறுக்கினால் அரைமணி நேரத்தில் பெட்டி தயார், சோப்புப் போட்டுக் கழுவலாம், விலையும் ஒன்றுமில்லை. இரண்டு வருடம் இதையேதான் தூக்கிக்கொண்டு அலைந்தேன். என் ஆகப்பெரிய தவறும் இதில்தான் நடந்தது. தோ பாயோவில் மதியம் எடுத்த கூட்டம், நல்ல பெரிய கூட்டம். நுழைவாயிலை ஸ்பாஞ்சு வைத்து அடைத்து, வாடகைக் காரின் பின்பெட்டியில் வைத்துக் கிளம்பினால், தீவு விரைவுச்சாலையில் ஏதோ விபத்து, ஒரு மணி நேரம் ஊர்ந்தேன். வெளியே போக வழியில்லை என்று தெரிந்ததும் தேனீ பதறும், பதறினால் உடம்புச் சூடு ஏறும், சூடு ஏறினால் இன்னும் பதறும். குஞ்சு இருக்கும் இடம் 35 டிகிரி அளவில் இருக்கவேண்டும், 40ஐத் தாண்டினால் புது அடை குழைய ஆரம்பித்துவிடும். கிராஞ்சியில் திறந்தபோது அடையெல்லாம் அடியில் கூழாகக் கிடந்தது, தேனில் நனைந்த தேனீக்கள் பாதிக்குமேல் செத்திருந்தன. அந்த வாடை, புளித்த தேனும் சூடான மெழுகும் கலந்த வாடை, காரில் ஒரு வாரம் இருந்தது. வாடகைக் கார் நிறுவனம் தண்டம் வாங்கியது, அது நியாயம்தான்.

பிளாஸ்டிக்கைக் குறை சொல்லி நான் தப்பிக்க முடியாது. மாலை ஏழரைக்குமேல் எடுத்திருக்கவேண்டும், வாயிலைக் கம்பி வலையால் மூடியிருக்கவேண்டும், பின்பெட்டியில் வைத்திருக்கவே கூடாது. ஆனாலும் மெல்லிய பிளாஸ்டிக் சூட்டைத் தடுக்காது, உள்ளே வேர்த்து நீர் கோக்கும், வழவழப்பில் சட்டம் வழுக்கும். அதற்குப் பிறகு நான் அதைத் தொடவில்லை.

நான்காவது பெட்டிக்குக் கொஞ்சம் செலவழித்தேன். கெட்டித் தெர்மோகோலில் வார்த்த ஆறு சட்டப் பெட்டி, குளிர்நாடுகளில் சின்னக் கூட்டத்தைக் குளிர்காலம் தாண்டவைக்கச் செய்தது. குளிருக்கு என்றாலும் வெயிலையும் அது நன்றாகவே தடுக்கிறது, மதியம் மூன்று மணிக்கு மூடியைத் தொட்டால்கூடச் சுடாது. வேலைப்பாடும் சுத்தம். என் புகார் வேறு. அது மேற்கத்தியத் தேனீக்குச் செய்த பெட்டி. அதில் போடும் லாங்ஸ்ட்ராத் சட்டத்தின் மேல்கட்டை 48 சென்டிமீட்டர், நம் தேனீக்கென்று செய்த நியூட்டன் பெட்டியின் சட்டமோ 20.6க்கு 14.4. ஒரு லாங்ஸ்ட்ராத் சட்டத்துக்குள் ஏறக்குறைய மூன்று நியூட்டன் சட்டம் அடங்கிவிடும். அப்படிப்பட்ட ஆறு சட்டத்தின் நடுவே நம் சின்னக் கூட்டம் காலியான கல்யாண மண்டபத்தில் நாலு பேர் உட்கார்ந்த மாதிரி இருக்கும். தேனீயால் மூடிக் காவல் காக்க முடியாத அடையில் மெழுகு அந்துப்பூச்சி முட்டையிடும், அதன் புழு அடையைத் தின்றுவிட்டுத் தெர்மோகோலையும் குடைந்துகொண்டு போகும். மரப்பெட்டி என்றால் தீயில் வாட்டிச் சுத்தம் செய்யலாம், இதை வாட்டினால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

சட்ட இடைவெளியும் பொருந்தாது. அதற்கு அடைக்கு அடை 35 மில்லிமீட்டர், நம்முடையதற்கு 31 போதும். நாலு மில்லிமீட்டர்தானே என்று விட்டேன், ஒரே மாதத்தில் இரண்டு சட்டத்தைச் சேர்த்துக் குறுக்கே கட்டிவைத்தது, பிரிக்க வழியே இல்லை.

இதைவிட முக்கியமான ஒன்றை எனக்கு யாரும் சொல்லவில்லை. மேற்கத்தியத் தேனீ மரப்பிசின் கொண்டுவந்து சட்டத்தைப் பெட்டியோடு ஒட்டிவிடும். அதனால் லாரியில் ஏற்றிக் குலுக்கினாலும் சட்டம் அசையாது. நம் அடுக்குத் தேனீ பிசின் சேர்க்கிற வேலையே செய்யாது, சட்டம் சும்மாதான் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு வேகத்தடையிலும் அடைக்கு அடை இடித்து நடுவில் இருப்பது நசுங்கும், நசுங்கியதில் ராணியும் இருந்தால் முடிந்தது கதை. இரண்டு முறை ராணியை இழந்துவிட்டு, எல்லாம் நல்லபடியாகத்தானே எடுத்துவந்தேன், அப்புறம் ஏன் கூட்டம் தேய்கிறது என்று குழம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஐந்தாவது பெட்டி நானே செய்தது, மூன்றரை வருடமாக ஓடுகிறது. நூறு வருடத்துக்கு முன் தென்னிந்தியாவில் நியூட்டன் பாதிரியார் நம் தேனீயின் அளவு பார்த்து உருவாக்கிய பெட்டியில் ஏழு சட்டம், நான் அதையே நாலு சட்டமாகக் குறுக்கினேன். மாமா ஒரு பழைய சட்டத்தைப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். சுங்கை காடுட்டில் 12 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் துண்டு வாங்கினேன், ஆணி, பசை, வலை எல்லாம் சேர்த்துப் பெட்டிக்கு முப்பத்தைந்து சிங்கப்பூர் வெள்ளி ஆனது. சட்டம் உட்காரும் விளிம்பில் 31 மில்லிமீட்டருக்கு ஒரு பல் வெட்டினேன், அடியிலும் அதே அளவில் பல் வைத்த ஒரு கட்டை. மேலே முழுக்கக் கம்பி வலை, இரண்டு ஓரத்தில் மட்டும் என் மனைவியின் பழைய யோகா பாயை வெட்டி ஒட்டியிருக்கிறேன், இந்த வலை மூடியை வைத்துப் பட்டையால் இறுக்கினால் அந்தப் பாய்த்துண்டு சட்டத் தலைகளை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். பிசின் செய்யவேண்டிய வேலையைப் பாய் செய்கிறது. உள்ளே ஒரு தடுப்புப் பலகையும் உண்டு. கூட்டம் மூன்று சட்டம்தான் என்றால் நாலாவது இடத்தை அடைத்துவிடுவேன். இதற்குப் பிறகு ஒரு கூட்டம்தான் ஓடியிருக்கிறது. அதுவும் பக்கத்தில் கொசுப்புகை அடித்த மறுநாள், பெட்டிமேல் பழிபோட முடியாது.

அடையைச் சட்டத்தில் கட்ட முதலில் ரப்பர் வளையம் போட்டேன், வேலை செய்யும். ஆனால் இப்போது வாழை நார்தான். அடை ஒட்டிக்கொண்டதும் தேனீயே நாரைக் கடித்துத் துண்டு துண்டாக வாசலில் தள்ளிவிடும், மறுபடி திறந்து கூட்டத்தைத் தொல்லை செய்யவேண்டாம். கூட்டம் ஓடிவிடாமல் இருக்க, ராணியை முடி சுருட்டும் பிளாஸ்டிக் குழலில் இரண்டு பக்கமும் அடைத்து, நடுச்சட்டத்தில் மூன்று நாள் தொங்கவிடுவேன். தேக்கா சந்தையில் அந்தக் குழல் ஒரு பாக்கெட் வாங்கினால் வருடக்கணக்கில் வரும், கடைக்காரம்மா என் வழுக்கையைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை.

காரில் வைக்கும்போது சட்டம் கார் போகும் திசைக்கு நேராக இருக்கவேண்டும். குறுக்கே வைத்தால் பிரேக் போடும்போதெல்லாம் அடை ஊஞ்சலாடும். பின் இருக்கையில் வைத்து ஏசியை ஓடவிடுங்கள். மின்தூக்கியில் ஏறும் முன் ஆள் இருக்கிறார்களா என்று பார்த்து, இருந்தால் அடுத்ததுக்குக் காத்திருங்கள். ஒருமுறை நான் உள்ளே இருந்தபோது ஒரு பாட்டி நடு மாடியில் ஏறிவிட்டார், கேக்கா என்று கேட்டார், ஆமாம் என்றேன், அந்த நேரம் பார்த்துப் பெட்டி லேசாக இடிபட்டு உள்ளே அத்தனை தேனீயும் ஒரே மூச்சில் ‘உஸ்ஸ்’ என்றது. அடுக்குத் தேனீயின் வழக்கம் அது. பாட்டி அடுத்த மாடியிலேயே இறங்கிக்கொண்டார்.

எறும்புக்கு ஊரில் பெட்டிக்காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைப்பார்கள். இங்கே அதைச் செய்தால் ஏடிஸ் கொசு முட்டையிடும், அதிகாரி வந்தால் அபராதம் உறுதி. நான் கிண்ணத்தில் பழைய சமையல் எண்ணெய் ஊற்றுகிறேன், மழைக்குப் பிறகு மாற்றவேண்டும். தூரமும் பாருங்கள். அதே பேட்டையில் நானூறு மீட்டர் தள்ளியிருந்த சமூகத் தோட்டத்துக்கு ஒரு கூட்டத்தை மாற்றினேன், மறுநாள் வெளியே போன தேனீயெல்லாம் பழைய புளோக்குக்கே திரும்பிப் போய்ச் சுவரில் கொத்தாகத் தொங்கியது. குடியிருப்பாளர் குழுவில் அன்று எனக்கு நடந்த மண்டகப்படி தனி. இரண்டு மூன்று கிலோமீட்டராவது தள்ளிக் கொண்டுபோங்கள்.

தற்காலிகப் பெட்டியில் நான் மூன்று வாரத்துக்குமேல் விடுவதில்லை. ராணி இல்லாமல் வந்த கூட்டம் என்றால் மட்டும் விதிவிலக்கு. முட்டையிலிருந்து கணக்கிட்டால் புது ராணி வெளிவரவே பதினாறு நாள் போல ஆகும், அதற்குமேல் பறந்து கலந்து முட்டையிடும்வரை பெட்டியை அசைக்கக்கூடாது.

என் பெட்டியிலும் குறை உண்டு. கூட்டத்தோடு தூக்கினால் கனம், நாலு மாடி இறங்கினால் தோள் தெரியும். மூடிதான் இன்னும் சரியாக வரவில்லை. பயணத்துக்கு வலை வேண்டும், தோட்டத்தில் வைத்தால் மழைக்கு மூடி வேண்டும், இப்போதைக்கு வலைக்கு மேல் வேறொரு மூடி வைத்துச் செங்கல் ஏற்றுகிறேன், போன டிசம்பர் மழையில் அது இரண்டு தடவை பறந்தது. கீல் போட்டுப் பார்த்தேன், வலையும் மூடியும் ஒன்றோடொன்று முட்டுகின்றன. யாராவது இதற்கு நல்ல வழி செய்திருந்தால் ஒரு படம் அனுப்புங்கள், பக்கத்தில் ஸ்கேல் வைத்து.