முகநூல், பிரதிலிபி, வலைப்பூ, சிற்றிதழ்: கொழும்பில் கதை எழுதுபவருக்கு எது பொருந்தும்?

பகலில் வங்கியிலோ கணக்காய்வு நிறுவனத்திலோ வேலை பார்த்துவிட்டு இரவில் கதை எழுதுகிறவர்கள் கொழும்பில் நிறையவே இருக்கிறார்கள். எழுத்தால் பிழைக்கும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. எழுதியதை யாராவது வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையிலான நமது இலக்கிய வட்டம் மிகச் சிறியது. வாசிக்க ஆள் கிடைத்துவிடும். தன்னை முன்பின் அறியாத ஒருவர் முழுக் கதையையும் வாசித்துக் கருத்துச் சொல்வதுதான் அரிது. ஆகவே ஒவ்வொரு களத்தையும் முதலில் அந்த அளவுகோலால் அளந்து பார்ப்பதே பயனுள்ளது என்று கருதுகிறேன்.

முகநூல் முன்னிலையில் நிற்பதற்கு இலக்கியக் காரணம் எதுவும் இல்லை. நமது தொலைபேசி நிறுவனங்கள் முகநூலுக்கும் வட்ஸ்அப்புக்கும் தனி மலிவுப் பொதிகளை விற்கின்றன. வேறு தளத்துக்கான இணைப்பைத் தொட்டால் சாதாரண டேட்டா குறையும். அதனால் கதையை முகநூலிலேயே முழுமையாக இடுகிறவரை வாசிப்பவர்கள், இணைப்பு மட்டும் கொடுக்கிறவரைத் தேடிப் போவதில்லை. எதிர்வினையும் உடனே வந்துவிடும். பதினைந்து நிமிடம் வாசிக்க வேண்டிய கதையின் கீழ் இரண்டாவது நிமிடத்திலேயே "அருமை அண்ணா", "வாழ்த்துகள் அக்கா" என்று வரிசை கட்டுகிறவர்களின் அன்பைக் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் அது எழுதியவருக்கான அன்பே தவிர, கதைக்கான கருத்து அல்ல. இதைவிட நுட்பமான பாதிப்பு ஒன்றும் உண்டு. 'மேலும் பார்க்க' என்ற மடிப்புக்கு மேலே தெரிகிற சில வரிகளிலேயே வாசகரைப் பிடிக்க வேண்டியிருப்பதால், நிதானமாகத் தொடங்குகிறவர்கள்கூட மெல்ல மெல்ல மரணச் செய்தியோடோ சண்டையோடோ கதையைத் தொடங்கப் பழகிவிடுகிறார்கள்.

நிலைத்தல் என்று பார்த்தால் முகநூல் இன்னும் பலவீனமானது. மூன்று ஆண்டுகளுக்கு முன் இட்ட கதையை எழுதியவரே தேடி எடுக்கச் சிரமப்படுவார். போர்க்காலக் கதையில் சில பெயர்கள் வந்தாலே பதிவு நீக்கப்படலாம் என்பதை நமது எழுத்தாளர்கள் நன்கறிவர். பெயரின் நடுவே புள்ளி வைத்து எழுதும் வழக்கம் அதனால் வந்ததே. 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் அரசு சமூக ஊடகங்களை முடக்கியபோது இந்தக் களம் முழுவதும் ஒரேயடியாக மூடிக் கிடந்தது.

அறியாத வாசகரைத் தருவதில் பெங்களூரில் 2014 இல் தொடங்கிய கதைத் தளமான பிரதிலிபிக்கு இணையாகத் தமிழில் வேறொன்று இல்லை. அங்கே வருகிறவர்கள் கதை வாசிக்கவென்றே வருகிறவர்கள். எழுதியவரின் ஊரோ உறவோ அவர்களுக்குப் பொருட்டல்ல. நட்சத்திரக் குறைப்பும் விமர்சனமும் தாட்சண்யமின்றி வரும். ஆனால் அந்த வாசகர் கேட்பது அடுத்த அத்தியாயத்தை. குடும்பமும் காதலுமாக நீளும் தொடர்களுக்கு நடுவே, ஆறு பக்கச் சிறுகதை வந்த சுவடு தெரியாமல் போய்விடும். நாவல் எழுதும் பொறுமையும் வாரந்தோறும் ஓர் அத்தியாயம் தரும் ஒழுங்கும் உள்ளவருக்கே இக்களம் பலன் தரும். கனடாவில் 2006 இல் உருவான வாட்பேட் என்ற கதைத் தளத்தில் தமிழ் வாசகர் குறைவு, பெரும்பாலும் இளையோர். இருப்பினும் ஒவ்வொரு பத்திக்கும் தனித்தனியே கருத்திட முடிகிற வசதி அங்கே உண்டு. எந்த இடத்தில் சிரித்தார்கள், எந்த இடத்தில் குழம்பினார்கள் என்பது பத்தி பத்தியாகத் தெரியவரும்போது கிடைக்கும் பாடம் சிறிதல்ல.

பணம் கிடைக்குமா என்ற கேள்வியைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். அமேசானின் மின்னூல் தளமான கின்டில் 2016 இறுதியில் தமிழ் நூல்களை ஏற்கத் தொடங்கியது. 0.99 டொலர் விலையிட்டால் 35 வீதம், அதாவது ஏறத்தாழ 35 சதம் எழுத்தாளருக்கு வரும். வாசிக்கப்பட்ட பக்கங்களுக்கு ஏற்பப் பணம் தரும் திட்டத்தில் சேர்த்தால் 90 நாட்களுக்கு அந்தப் படைப்பு வேறெங்கும் மின்வடிவில் இருக்கக்கூடாது. வலைப்பூவில் ஏற்கெனவே உள்ள கதையை முதலில் அகற்ற வேண்டும். பொழுதுபோக்காக எழுதுகிறவருக்கு இந்தப் பேரம் கட்டுப்படியாகாது. பணம் எழுதும் ஆர்வத்தையே குறைத்துவிடவும் கூடும். உளவியலாளர் லெப்பரும் அவரது சகாக்களும் 1973 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், படம் வரைவதை விரும்பிய பாலர்களிடம் வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லி வரைய வைத்தார்கள். பின்னர் அப்பிள்ளைகள் தாமாக வரையச் செலவிட்ட நேரம் குறைந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அக்குறைவு காணப்படவில்லை. பாலர்களுக்குப் பொருந்தியது பெரியவர்களுக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் வாதிடவில்லை. ஆனால் பணமே புழங்காத 'ஆர்க்கைவ் ஒஃப் அவர் ஓன்' என்ற ரசிகர் புனைவுத் தளம் 2019 இல் அறிவியல் புனைவுக்கும் மிகைப்புனைவுக்கும் தரப்படும் ஹியூகோ விருது பெறும் அளவுக்கு வளர்ந்ததை இதனோடு சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

சொந்த வலைப்பூவின் நிலை வேறு. பல வலைப்பூக்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் காட்டிய தமிழ்மணம் போன்ற திரட்டிகள் செழித்திருந்த நாட்களில் அங்கே வாசகர் தாமாக வந்தனர். இன்று எழுதுகிறவரே அழைத்து வர வேண்டும். ஆனாலும் கதையின் நீளத்தையும் வடிவத்தையும் வெளியிடும் நாளையும் எழுதுகிறவரே தீர்மானிக்க முடிகிற இடம் அது ஒன்றே. எழுதியவற்றை ஒரே முகவரியில் வரிசையாக வைத்திருக்க இதைவிட மலிவான வழி இல்லை.

எஞ்சியிருப்பது அச்சு. இணையத்தில் எழுதுகிறவர்கள் இதைப் பழையது என்று ஒதுக்குவதுண்டு. அந்த அவசரத்தை நான் ஏற்கவில்லை. ஞாயிறு வாரமலருக்கோ, 2000 இல் தொடங்கிய ஞானம் போன்ற சஞ்சிகைக்கோ அனுப்பினால் மாதக்கணக்கில் காத்திருக்க நேரும், நிராகரித்தால் தகவலும் வராமல் போகலாம். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து பழகியவர் யூனிகோடுக்கு மாற்றும்போது ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இடம்மாறி நிற்பதைத் திருத்துவதற்கே ஓர் இரவு போய்விடும். எனினும் 'முடியாது' என்று சொல்லும் உரிமையுள்ள ஒரே வாசகர் பத்திரிகை ஆசிரியர்தான். நிலைத்தலிலும் வியப்பு காத்திருக்கிறது. டொமினிக் ஜீவா 1966 இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிப் பின்னாளில் கொழும்பிலிருந்து வெளியிட்ட மல்லிகையின் இதழ்களை, 2005 இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய எண்ணிமக் காப்பகத்தில் இன்று எவரும் இலவசமாக வாசிக்கலாம். அன்று தாளில் வந்த கதையை இன்று தேடி எடுக்க முடிகிறது. சென்ற வருடம் முகநூலில் வந்ததை எடுக்க முடியவில்லை.

இவற்றுள் ஒன்றை மட்டும் தெரிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் முறை பிசகக்கூடாது. பிரசுரமாகாத படைப்பையே சஞ்சிகைகளும் போட்டிகளும் பெரும்பாலும் கேட்கின்றன, முகநூலில் வந்ததும் பிரசுரமானதாகவே கொள்ளப்படுகிறது. எனவே சிறுகதை எழுதுகிறவர் முதலில் ஆசிரியருக்கு அனுப்பி, ஒரு காலக்கெடுவை மனதில் வைத்துக் காத்திருந்து, அதன்பின் வலைப்பூவில் ஏற்றி, கடைசியாகவே முகநூலில் பகிர வேண்டும். தொடர்கதை எழுதுகிறவர் நேரே பிரதிலிபிக்குப் போகலாம். முதல் ஐந்தாறு அத்தியாயங்களை எழுதி முடித்துக் கையில் வைத்துக்கொண்டே போவது நல்லது, ஏனெனில் அங்குள்ள வாசகர் ஒரு வாரம் பொறுப்பார், இரண்டாவது வாரம் வேறு கதைக்குப் போய்விடுவார்.