தொட்டியா, தரையா? மிளகாய்ச் செடிக்கு எது?

தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் கொல்லை சின்னதுதான். மிளகாயைத் தொட்டியில் வைக்கலாமா, தரையிலா என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டுக்கொண்டே இருக்கிறார். பதில் செடிக்குள்ளேயே இருக்கிறது: கேரட்டுக்கு நிறம் தருகிற அதே கரோட்டினாய்டு வகை நிறமிகளை வெட்டித்தான் அது நெருக்கடி ஹார்மோன்களை, அதாவது தண்ணீரோ உரமோ குறையும்போது அனுப்பும் வேதிச் செய்திகளை, செய்கிறது.

தண்ணீர்
தொட்டி: டர்பன் கோடையில் மண் சீக்கிரம் காய்ந்துவிடும். உடனே ஒரு நொதி 40 கார்பன் அணுக்கள் கொண்ட அந்த நிறமியைத் துண்டாக்கும். கிடைக்கும் 15 கார்பன் துண்டு இன்னும் இரண்டு படிகளில் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோனாகும். அது சொன்னதும் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும். நீர் மிச்சம், சரி. ஆனால் கரியமில வாயுவும் உள்ளே வராது, வளர்ச்சி மந்தமாகும்.
தரை: வேர் ஆழம் போவதால் இந்த அவதி குறைவு.

உரம்
தரை: மண்ணில் பாஸ்பேட் சத்து குறைந்தால் செடி பீட்டா கரோட்டின் நிறமியிலிருந்து ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற இன்னொரு ஹார்மோனைச் செய்து வேர் வழியே கசியவிடும். வேரோடு கூடி வாழும் வேர்ப்பூஞ்சை அந்த அழைப்புக்கு வந்து பாஸ்பேட் கொண்டுவந்து தரும். (இதே அழைப்பைக் கேட்டுத்தான் மக்காச்சோளத்தை உறிஞ்சும் ஸ்ட்ரைகா களையும் முளைக்கிறது. 1966இல் இந்த வகைச் சேர்மம் முதலில் பிரித்தெடுக்கப்பட்டது பருத்தி வேர்க்கசிவில். மிளகாய்க்கு அந்தக் களைப் பயமில்லை.)
தொட்டி: கடையில் வாங்கும் மண்ணில் அந்தப் பூஞ்சை பெரும்பாலும் இருக்காது. உரம் நாம்தான் போடணும்.

செலவு
தரைக்கு மண்வெட்டி போதும். தொட்டிக்கு எல்லாமே ரேண்ட் (எங்கள் ஊர்க் காசு) கொடுத்துத்தான்.

வாடகை வீடு, பால்கனி மட்டும் என்றால் பெரிய தொட்டியாக வாங்கி, காலையில் தண்ணீர் விடுங்கள். ஒரு முழம் மண் இருந்தாலும் நான் தரைக் கட்சிதான். அக்கா இன்னும் யோசிக்கிறார்.