யூதாஸின் முத்தம்: ஜோத்தோவா, கரவாஜ்ஜோவா?

சீடன் யூதாஸ் இயேசுவை முத்தமிட்டுக் காட்டிக்கொடுத்த காட்சியை எத்தனையோ பேர் வரைந்திருக்கிறார்கள், எனக்கு இரண்டு போதும். இத்தாலியின் பதுவா நகரில், ஸ்குரோவேஞ்ஞி சிற்றாலயச் சுவரில் 1305 வாக்கில் ஜோத்தோ வரைந்ததில் யூதாஸின் மஞ்சள் மேலாடை இயேசுவை அப்படியே மூடிவிடுகிறது. பின்னால் ஈட்டிகளும் தீப்பந்தங்களும் நெருக்கியடிக்க, நடுவில் இரண்டு முகங்கள் மட்டும் அசையாமல் நிற்கின்றன, இயேசு அவன் கண்ணை நேராகப் பார்க்கிறார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

1602இல் கரவாஜ்ஜோ வரைந்தது, இப்போது டப்ளினில் இருப்பது, வேறு மாதிரி. ஒரே இருட்டு. இயேசு கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறார், கோத்த விரல்கள் கீழே தெரிகின்றன, வீரனின் கவசக் கை பளபளக்கிறது. ஓரத்தில் விளக்கைத் தூக்கிப் பிடித்து எட்டிப் பார்ப்பவன் ஓவியரேதான் என்கிறார்கள். வலி இதில்தான் அதிகம், சரி. ஆனால் துரோகம் என்றால் எனக்கு ஜோத்தோதான்: அங்கே யூதாஸால் அந்தக் கண்களிலிருந்து முகத்தைத் திருப்ப முடியவில்லை.