30 மடங்கு என்று விற்கப்பட்ட மடக்கு லென்ஸ்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறைகளுக்குச் சாமான் விற்கும் கடை ஒன்றில் 350 ரூபாய்க்கு வாங்கிய இந்த மடக்கு லென்ஸின் உறையில் ‘30 மடங்கு, 21 மி.மீ. (லென்ஸின் விட்டம்)’ என்று அச்சிட்டிருந்தது. கொலுசின் பற்றவைப்பைப் பார்க்க அது போதும். நான் வாங்கியதோ ஏற்காட்டின் மட்கிய மரக்கட்டைகளில் ஊரும் பொடி வண்டுகளைப் பார்ப்பதற்கு.

எந்த லென்ஸை வாங்கினாலும், மைக்ரோமால்தஸ் டெபிலிஸ் கையில் கிடைத்தால் இதைக் கொண்டு அடையாளம் காண முடியுமா என்றுதான் கேட்டுக்கொள்வேன். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட, 1878இல் பூச்சியியலாளர் லெகான்ட் பெயரிட்ட, 2 மி.மீ. அளவேயான அந்த வண்டு ஏற்காட்டில் கிடைக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. தன் குடும்பத்தில் இன்று எஞ்சியிருக்கும் ஒரே இனம் அது. ஏறத்தாழ 4 லட்சம் வண்டினங்களுக்கு நடுவே சுமார் 50 இனங்களே தேறும் ஆர்க்கோஸ்டெமேட்டா என்ற பழங்கிளையைச் சேர்ந்தது. உளுத்த மரத்துக்குள் அதன் புழு, வண்டாக மாறாமலேயே, உயிருள்ள புழுக்களை ஈனுகிறது. அரிதாக இடும் முட்டையிலிருந்து வரும் ஆண் புழு தன் தாயையே தின்று வளர்கிறது. வெட்டிய மரங்களோடு பயணப்பட்டுத் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களின் முட்டு மரங்கள் வரை அது போய்ச் சேர்ந்திருக்கிறது.

இனி லென்ஸ். வெறும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் கிட்டத் தூரமான 250 மி.மீ.யை, லென்ஸின் குவியத் தூரத்தால், அதாவது லென்ஸிலிருந்து பொருள் தெளிவாகத் தெரியும் தூரத்தால், வகுத்தால் உருப்பெருக்கம் தெரிந்துவிடும். உண்மையில் 30 மடங்கு என்றால் பொருள் 8 மி.மீ. தூரத்தில் தெளிய வேண்டும். இதிலோ அடிக்கோல் வைத்து அளந்தபோது 25 மி.மீ.யில் தெளிந்தது. ஆக, இது 10 மடங்குதான். கடைக்காரரிடம் சொன்னேன், உறையில் போட்டிருப்பதைத்தான் அவரும் திருப்பிச் சொன்னார்.

சில்வர் ஓக் கட்டையின் பட்டைக்கடியில் இருந்த கடுகளவு வண்டொன்றைப் பார்த்தேன். முன்சிறகின் குழிப்புள்ளிகள் நடுவில் துல்லியமாகவும், ஓரத்தில் ஊதா நிழல் படிந்தும் தெரிந்தன. உணர்கொம்பு மணி கோத்ததுபோல் இருந்தது தெரிந்ததே தவிர, மணிகளை எண்ண முடியவில்லை. மைக்ரோமால்தஸின் குட்டையான முன்சிறகும் வெளியே நீளும் வயிற்று நுனியும் இதில் தெரிந்துவிடும். உணர்கொம்பின் 11 கணுக்களை எண்ண நுண்ணோக்கிதான் வேண்டும்.

மூன்றாம் வாரமே மடக்கும் திருகு தளர்ந்துவிட்டது. 200 ரூபாய்க்கு 10 மடங்கு லென்ஸ் என்று கொடுத்தால் தாராளமாக வாங்கலாம். அடிக்கோலைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.