பாங்காக்கில் “அரண்மனை மூடியிருக்கிறது” என்று சொல்பவரிடம் கவனமாக இருங்கள்

வயதான பெற்றோருடன் முதன்முறையாக பாங்காக் செல்லவிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்ப வேண்டுகிறேன். அங்குள்ள பெரிய அரண்மனையின் மதிலோரம் தொடங்கிய ஒரு மோசடியில் எங்கள் குடும்பம் 18,000 பாட் பணத்தையும், அரண்மனையைப் பார்க்கும் வாய்ப்பையும் இழந்தது.

காலையில் மதிலையொட்டி நாங்கள் நடந்துகொண்டிருந்தபோது, தேய்த்த வெள்ளைச் சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஒருவர் எதிரே வந்து, அம்மாவை நோக்கிக் கைகூப்பினார். பிக்குகளின் வழிபாடு நடப்பதால் பிற்பகல் வரை வெளிநாட்டவரை உள்ளே அனுமதிக்கமாட்டார்கள் என்று வருந்துபவர்போலச் சொன்னார். அதுவரை வெயிலில் நிற்பானேன் என்று ஒரு வரைபடத்தை விரித்து, இரண்டு கோயில்களையும் ‘அரசு ஏற்றுமதி மையம்’ ஒன்றையும் பேனாவால் வட்டமிட்டுக் காட்டினார். அருகில் நின்ற துக்துக் (அவ்வூர் மூன்று சக்கர ஆட்டோ) ஓட்டுநரிடம் அவரே பேசி, எல்லா இடங்களுக்கும் சேர்த்து 40 பாட் என்று வாடகையையும் முடித்துக் கொடுத்தார்.

முதல் கோயிலில் கூட்டமே இல்லை. புத்தர் சிலைக்கு முன் மண்டியிட்டிருந்த ஒருவர் எழுந்து வந்து, தாம் வங்கியில் பணிபுரிவதாகச் சொல்லிப் பேச்சுக்கொடுத்தார். அந்த மையத்தில் வரிவிலக்குடன் நீலக்கற்கள் கிடைப்பதாகவும், இன்றுதான் கடைசி நாள் என்றும், தம் திருமணத்துக்கு அங்கேதான் வாங்கியதாகவும் நாங்கள் கேட்காமலே சொன்னார். ஒருவருக்கொருவர் தொடர்பில்லாதவர்போலத் தோன்றும் இருவர் ஒரே செய்தியைச் சொன்னால் யாருக்கும் நம்பிக்கை வந்துவிடும் என்பதைக் கணக்கிட்டே இந்த வலை பின்னப்படுகிறது.

‘மையம்’ எனப்பட்டது ஒரு தனியார் நகைக்கடை. உட்காரவைத்துக் குளிர்ந்த நீர் கொடுத்தார்கள். கறுப்பு வெல்வெட் தட்டில் நீலக்கல் மோதிரங்களை வரிசையாக அடுக்கி, தலைக்கு மேலிருந்த வெள்ளை விளக்கை எரியவிட்டார்கள். முத்திரை பதித்த சான்றிதழைக் காட்டி, சென்னையில் விற்றால் இரு மடங்கு கிடைக்கும் என்றார்கள். அப்பா கடன் அட்டையில் பணம் செலுத்தினார். மோதிரத்தை அஞ்சலில் அனுப்பிவைப்பதாக விடாமல் வற்புறுத்தியதன் காரணம் பிறகுதான் விளங்கியது: கல் கையில் இருந்தால் பாங்காக்கிலேயே சோதித்துவிடலாம் அல்லவா?

மீண்டும் அரண்மனைக்கு வந்தபோது நுழைவுச்சீட்டு விற்பனை முடிந்திருந்தது. காலை 8.30 மணியிலிருந்தே திறந்திருந்ததாகக் காவலர் சொன்னார். மறுநாள் விடியற்காலையில் எங்களுக்கு விமானம். அரண்மனை வளாகக் கோயிலிலுள்ள மரகத புத்தரைத் தரிசிக்கவென்றே வந்த அம்மா, மூடிய வாசலைப் பார்த்தபடி நிற்க நேர்ந்ததற்காக அவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

எஞ்சிய நேரத்தில் சாம்பெங் சந்தைக்குப் போனோம். அங்குள்ள சிறு வியாபாரிகள் விலையைக் கால்குலேட்டரில் தட்டிக் காட்டி, மூன்றாக வாங்கினால் குறைத்தும் கொடுத்தார்கள். ஆகவே ஊரையே பழிக்க நான் இதை எழுதவில்லை.

ஊர் திரும்பியபின், அஞ்சலில் வந்த மோதிரத்தை மதிப்பிட்டதில், கல் அசல்தான், ஆனால் தரம் மிகக் குறைந்தது, கொடுத்த விலையில் ஐந்தில் ஒரு பங்குகூடப் பெறாது என்று தெரிந்தது. மோசடியின் பலமே இங்குதான் இருக்கிறது. கல் போலியாக இருந்தால் புகார் செய்வது எளிது. அசல் கல்லுக்கு அதிக விலை வைத்ததை வாங்கியவரின் சம்மதம் என்று சொல்லிவிடலாம். பொருளைக் கையொப்பமிட்டுப் பெற்றிருப்பதால் தொகையைத் திருப்பிப் பெற இயலாது என்று வங்கியும் கைவிரித்துவிட்டது. துக்துக் அவ்வளவு மலிவாக ஓடுவதற்கும் காரணம் உண்டு: வாடிக்கையாளரை அழைத்துவரும் ஓட்டுநருக்குக் கடைகள் பெட்ரோல் கூப்பனும் கமிஷனும் கொடுக்கின்றன.

பெரிய அரண்மனை பொதுவாக நாள்தோறும் காலை 8.30 முதல் பிற்பகல் 3.30 வரை திறந்திருக்கும். அரச குடும்பச் சடங்குகளுக்காக மூடப்படும் நாள்கள் உண்டு என்றாலும், அதை நுழைவுச்சீட்டுச் சாளரத்தில் இருப்பவர் சொல்லட்டும். அதுவரை நடையை நிறுத்தாதீர்கள். சயன புத்தர் இருக்கும் வாட் போ கோயிலின் அருகிலும் இதே பொய்யைச் சொல்கிறார்கள். சனாம் சாய் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் இரண்டு இடங்களுக்கும் நடந்தே போய்விடலாம், துக்துக் தேவைப்படாது. கல் வாங்கியே தீரவேண்டுமென்றால், பணம் கொடுப்பதற்கு முன் தாய்லாந்து ரத்தின, நகை நிறுவனத்தின் பாங்காக் ஆய்வகத்தில் சோதிக்கச் சம்மதமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். ஏமாற்றப்பட்டது தெரிந்தால் நாட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே, ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, 1155 என்ற எண்ணில் சுற்றுலாக் காவல்துறையை அழையுங்கள்.