பஃப் என்று சொல்லித் தெர்மாகோல் வீட்டைத் தலையில் கட்டினார்கள்

திண்டிவனத்துக்கு அருகே எங்கள் பூர்வீக மனையில், தனியாக வசிக்கும் அம்மாவுக்காக 2024 ஏப்ரலில் ஒரு சிறிய மாடுலர் வீட்டை, அதாவது பெட்டி பெட்டியாகச் செய்து கொண்டுவந்து இணைக்கும் வீட்டை, இறக்கினேன். அதில் நான் ஏமாந்த விதத்தை, இதே போன்ற வீட்டுக்கு முன்பணம் கொடுக்கவிருப்பவர்கள் கையெழுத்திடும் முன் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

20 அடி நீளமும் 8 அடி அகலமும் உள்ள இரண்டு பெட்டிகளை ஒட்டி வைத்து இணைத்தால் 320 சதுர அடி வீடு. வரி உட்பட 5,80,000 ரூபாய். சுவரும் கூரையும் 50 மில்லிமீட்டர் பஃப் பேனல் (இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே பாலியூரித்தேன் நுரை அடைத்த, வெப்பம் தடுக்கும் பலகை), அதனால் ஏசியே தேவைப்படாது, சிமெண்டும் ஆற்று மணலும் மிச்சமாகும் பசுமை வீடு இது, பணம் சேரும்போது இன்னோர் அறையை நட்டு போல்ட் போட்டு இணைத்துக்கொள்ளலாம் என்றெல்லாம் விற்பனையாளர் வாட்ஸ்அப்பில் எழுதினார். ஆனால் நான் கையெழுத்திட்ட கொட்டேஷனில் ‘இன்சுலேட்டட் பேனல்’ என்ற இரண்டு சொற்கள் மட்டுமே இருந்தன. பேனலின் உள்ளே என்ன பொருள், அதன் அடர்த்தி என்ன, தகட்டின் கனம் என்ன என்று ஒரு வரியும் இல்லை. இதைக் கேட்காமல் விட்டதுதான் நான் செய்த பெரிய தவறு.

மே மாத வெயிலில் அம்மாவால் பகலில் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. காலை பத்து மணிக்கே வெளியே வந்து வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டுக்கொள்வார். காற்றோட்டம் இல்லாததுதான் காரணம் என்று நினைத்து, எதிர்ச் சுவரிலும் ஒரு ஜன்னல் வைக்க உள்ளூர் வெல்டர் ஒருவரை அழைத்தேன். அவர் கிரைண்டரைச் சுவரில் வைத்த சிறிது நேரத்தில் புகை நாற்றம் எழுந்தது. வெட்டிய இடத்திலிருந்து வெள்ளை மணிகள் உதிர்ந்து அவருடைய சட்டையெல்லாம் ஒட்டிக்கொண்டன. “சார், இது பஃப் இல்லை. பஃப் மஞ்சளாக இருக்கும், இப்படி மணி மணியாக உதிராது. இது வெறும் தெர்மாகோல்” என்றார். தீப்பொறி பட்ட இடத்தில் தெர்மாகோல் உருகிப் பள்ளமாகிவிட்டிருந்தது. பஃப்பும் எரியாத பொருள் அல்ல. ஆனால் அது பெரும்பாலும் கருகும், தெர்மாகோலோ உருகிச் சொட்டும். மூன்று அடி தள்ளித்தான் அம்மாவின் கேஸ் அடுப்பு இருந்தது.

வெட்டியெடுத்த இரண்டடிக்கு இரண்டடித் துண்டை மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 2 கிலோ 350 கிராம் இருந்தது. பஃப் பேனலில் நுரையின் அடர்த்தி வழக்கமாகக் கன மீட்டருக்கு 40 கிலோ. இருபுறமும் அரை மில்லிமீட்டர் தகடு என்றால், 50 மில்லிமீட்டர் பேனல் சதுர மீட்டருக்குச் சுமார் 10 கிலோ வர வேண்டும். அந்தக் கணக்கில் என் கையில் இருந்த துண்டு மூன்றரைக் கிலோவுக்கு மேல் இருந்திருக்க வேண்டும். உள்ளே இருந்த பொருள் மட்டுமல்ல, தகடும் மெலிந்ததுதான்.

உயரத்திலும் ஏமாற்றம்தான். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016, வசிக்கும் அறைக்குக் குறைந்தது 2.75 மீட்டர் உயரம் கேட்கிறது. ஏசி உள்ள அறைக்கு மட்டும் 2.4 மீட்டர் போதும் என்கிறது. எங்கள் வீட்டின் உள் உயரம் சரியாக எட்டு அடி, அதாவது 2.44 மீட்டர். ஏசி இல்லாமல் குடியிருக்கவே முடியாத ஒரு பெட்டியைப் பசுமை வீடு என்று ஒரு முதியவருக்கு விற்றதை என்னால் மன்னிக்க முடியவில்லை. பசுமை என்பது உண்மையாகவே அவர்களுக்கு முக்கியமாக இருந்திருந்தால், பக்கத்தில் ஆரோவில்லில் 5 சதவீதம் மட்டுமே சிமெண்ட் கலந்து அழுத்திய மண் கற்களால் பல ஆண்டுகளாக வீடுகள் நிற்பதைப் பார்த்திருப்பார்கள். நானும் போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

பின்பு மழை வந்தது. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த இரவில், இரண்டு பெட்டிகளும் சேரும் இடம் முழுவதும் தண்ணீர் கோடாக ஊற்றியது. அந்த இணைப்பின் மேல் தகட்டு மூடி எதுவும் இல்லை. சிலிகான் பசை மட்டுமே தடவியிருந்தார்கள். 20 அடி இரும்பு, 30 டிகிரி வெப்ப வேறுபாட்டில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும்; ஒரு கோடை முழுவதும் இப்படி இழுபட்ட பசை பிய்ந்துபோனதில் வியப்பில்லை. அம்மா அந்த இரவைச் சித்தி வீட்டில் கழித்தார்.

இன்னோர் அறை சேர்ப்பது பற்றிக் கேட்டபோது, பெட்டியின் அளவை மாற்றிவிட்டதாகவும் பழைய போல்ட் துளைகள் புதியதற்குப் பொருந்தாது என்றும் பதில் வந்தது. மாடுலர் என்ற சொல்லுக்கு அத்துடன் பொருளே இல்லாமல் போயிற்று. நகர்த்தக்கூடிய வீடு என்பதால் ஊராட்சி அனுமதி வேண்டியதில்லை என்று அவர்கள் சொன்னதும் பொய். குடியிருக்க நிலையாக வைக்கும் வீட்டுக்கு அனுமதி வேண்டும் என்று ஊராட்சி அலுவலகத்தில் தெளிவாகச் சொன்னார்கள்.

வாங்குவதாக இருந்தால், கொட்டேஷனில் பஃப் என்ற சொல், அடர்த்தி, தகட்டுக் கனம், உள் உயரம், இணைப்பு மூடியின் வரைபடம் ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். பேனல்கள் லாரியில் ஏறும் முன் நேரில் சென்று உங்கள் கண்முன்னே ஒரு துண்டை வெட்டி எடை போடச் சொல்லுங்கள். நான் வண்டி வரும் முன்பே 90 சதவீதப் பணத்தைக் கொடுத்துவிட்டதால், அதன் பிறகு என் தொலைபேசி அழைப்புக்கு மதிப்பே இல்லாமல் போனது.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்தேன். நிறுவனம் பதில் தரவில்லை. வழக்கு என்றால் தங்கள் ஊரில்தான் தொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததைக் கண்டு தயங்கினேன். ஆனால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை செலுத்திய பொருளுக்குக் கட்டணம் 200 ரூபாய்தான். அதன்படி நான் வசிக்கும் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே மனு கொடுத்திருக்கிறேன். வாட்ஸ்அப் செய்திகளை அச்செடுத்து இணைத்திருக்கிறேன். வெட்டிய துண்டைச் சாக்கில் சுற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இப்போதைக்குக் கூரைக்கு ஒன்றரை அடி மேலே சவுக்குக் கழிகள் நட்டுத் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டிருக்கிறோம். அதன் பிறகுதான் அம்மா பகலிலும் வீட்டுக்குள் இருக்கிறார்.