சின்ஃபிக்கில் கவலை ஓட்டிய நாலு வருடம்

எங்கள் காங்கயம் பக்கத்தில் கவலை ஓட்டுவது என்றால், கயிற்றின் ஒரு முனையில் சால் என்கிற பெரிய வாளியைக் கட்டி, மறுமுனையில் எருது பூட்டிச் சரிவில் இறக்கிக் கிணற்றுத் தண்ணீர் இறைப்பது. மோட்டார் காலத்தில் பிறந்த என் மகள், "எருது கீழ இறங்குனா தண்ணி எப்படிங்ப்பா மேல வரும்?" என்று கேட்டாள். வாயால் சொன்னேன், காகிதத்தில் வரைந்தேன், எடுபடவில்லை. அசைய வைத்தே காட்டிவிடலாம் என்று சின்ஃபிக் ஸ்டுடியோ என்ற அனிமேஷன் மென்பொருளை இறக்கினேன். நாலு வருடமாகிறது, இன்னும் கணினியை விட்டு அதை அழிக்கவில்லை.

2005-ல் இலவசமாகத் திறந்துவிடப்பட்ட மென்பொருள் இது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். எருது முதலில் எங்கே, கடைசியில் எங்கே என்று இரண்டு வேபாயின்ட், அதாவது இந்த நேரத்தில் இந்த நிலை என்கிற குறி, வைத்தால் நடுவில் உள்ள ஃபிரேம்களை (ஒவ்வொரு தனிப் படத்தை) அதுவே நிரப்பிக்கொள்ளும். வரையத் தெரியாத எனக்கு அது போதும். பச்சை மனித பொம்மை போட்ட பொத்தானை அழுத்தினால் அசைவு முறை, படத்தைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் வரும். அதை அணைக்க மறந்து ஒருநாள் எருதின் நிறத்தைத் திருத்திவிட்டேன். ஓட்டிப் பார்த்தால் மயிலை எருது நடக்க நடக்கச் செவலையாகிறது! நிறத்துக்கும் ஒரு வேபாயின்ட் விழுந்திருக்கிறது. இன்றும் மாதம் ஒருமுறையாவது இதே தப்பைச் செய்கிறேன்.

பாடாய்ப் படுத்தியது எருதையும் சாலையும் இணைக்கும் வடக்கயிறு. எருதைத் தனியாகவும் சாலைத் தனியாகவும் அசைத்ததில், கயிறு ரப்பர் மாதிரி நீண்டு சுருங்கியது. எருது எத்தனை அடி இறங்குகிறதோ அத்தனை அடிதான் சால் ஏறும், கயிற்றின் நீளம் மாறாதே! இதற்கு வழி பிடிபட இரண்டு மாதம் ஆனது. எருதுகளை ஒரு குரூப்பில் போட்டு, வாரியின் (எருது இறங்கி ஏறும் பாதையின்) சரிவுக்கு அந்தக் குரூப்பையே சாய்த்துவிட்டேன். உள்ளே எருது நேர்கோட்டில்தான் நகர்கிறது. அதன் எக்ஸ் (கிடைமட்ட) மதிப்பைப் பெயரிட்டு எக்ஸ்போர்ட் செய்து, சாலின் ஒய் (மேல்கீழ்) மதிப்போடு கனெக்ட் கொடுத்தேன். அப்புறம் எருதை மட்டும் இழுத்தால் போதும், சால் தானாக ஏறியது. இந்த ஒரு வசதிக்காகவே சின்ஃபிக்கை யாருக்கும் சொல்வேன்.

பெருமையாக அப்புச்சியிடம் (அம்மாவின் அப்பாவிடம்) காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார்.

"என்ன கண்ணு, எருது வெறுஞ்சாலை இழுக்கறாப்பல போகுது?"

"பாரமாத்தானுங்க அப்புச்சி வெச்சிருக்கேன்."

"பாரம் இழுக்கற எருது எடுத்த எடுப்புலயே ஓடுமாக்கும்? வடம் இறுகோணும், மொதல்ல ஒரு முக்கு முக்கோணும். திரும்பறப்போ பாரமில்லீன்னாலும் பின்னுக்கல்லோ நடக்குது, தட்டித் தடவித்தான் வரும்."

நான் லீனியரில் விட்டிருந்தேன், ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே வேகம். அதை, மெதுவாகப் புறப்பட்டு மெதுவாக நிற்கிற ஈஸ் இன் அவுட்டுக்கு மாற்றினேன். புறப்படுமுன் 10 ஃபிரேம் எருதை அசையாமல் நிறுத்தி, கழுத்தை மட்டும் கொஞ்சம் தாழ்த்தினேன். நொடிக்கு 24 ஃபிரேமில் அது அரை நொடிகூட இல்லை. ஆனால் அந்த அரை நொடியில்தான் சாலுக்குள் தண்ணீர் வந்தது.

குறை இல்லாமலும் இல்லை. காலடிகளை டைம் லூப்பில் போட்டேன், ஒரே அசைவு திரும்பத் திரும்ப ஓடும். எருது வேகம் குறையும்போது கால் மட்டும் அதே வேகத்தில் போவதால் மண்ணில் வழுக்குகிற மாதிரி தெரியும். புழுதி வரைந்து மறைத்துவிட்டேன். நான் போட்ட பதிப்பில் 'மேடு' என்று தமிழில் அடித்தால் இரட்டைக் கொம்பு 'ம'வுக்குப் பின்னால் போய் நின்றது. இப்போது எழுத்தை எல்லாம் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் அடித்து, பாத் (கோட்டு வடிவம்) ஆக்கிக் கொண்டுவருகிறேன். ரெண்டர் செய்யும்போது நேரடியாக வீடியோவாக எடுப்பதில்லை, பிஎன்ஜி படங்களாகத்தான். பாதியில் கரண்ட் போனாலும் அதுவரை வந்தது பத்திரமாக இருக்கும்.

உருளை, கப்பி, பம்பு, தறி மாதிரி இயந்திர அசைவுகளுக்கு இது கையடக்கமான கருவி. முகபாவம் காட்டி ஆள் பேச வேண்டுமென்றால் வேறு பார்த்துக்கொள்ளுங்கள். சால் மேலே வந்ததும் தும்பி என்கிற அதன் தோல் குழாய் வழியாகத் தொட்டியில் தண்ணீர் கொட்டுமே, அதுதான் இன்னும் ஜெல்லி மாதிரி விழுகிறது. அப்புச்சிக்கு அதை இன்னும் காட்டவில்லை.